எரிமலை பார்க்கப் போன பெரியதாழைக்காரர்

இந்தியாவில் எரிமலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மீதிப் பேர் "இந்தியாவில் எரிமலையா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

இருக்கிறது! இன்றைக்கும் புகைந்துகொண்டு, அவ்வப்போது நெருப்பைக் கக்கிக்கொண்டு, அந்தமான் கடலில் ஒரு எரிமலை இருக்கிறது. அதன் பெயர் பாரன் தீவு. ஆங்கிலத்தில் பாரன் என்றால் ஒன்றும் விளையாத பூமி என்று அர்த்தம்.

பெரியதாழையைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு இந்தப் பெயர் முதலில் வேறு மாதிரி காதில் விழுந்தது. அவருடைய மகன் போர்ட் பிளேரில் எலக்ட்ரீசியன். (2024ல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் அங்குள்ள தமிழர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) மகனுக்கு ஆண் குழந்தை பிறந்து எட்டு மாதம். "யப்பா, பேரனப் பாக்க வாங்க. அப்படியே பாரன் தீவையும் பாத்துட்டு வரலாம்" என்று போனில் சொன்னான்.

"என்னது, பேரன் தீவா? எம் பேரனுக்கு அதுக்குள்ள தீவு வாங்கிட்டியால?"

இப்படித்தான் அந்தப் பயணம் ஆரம்பித்தது.

பெரியதாழை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக: தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடிக் கரையில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் இருக்கும் மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கொஞ்ச தூரம் போனால் சிவப்பு மணல் தேரி. கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததால் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போனவர் அவர். இப்போது முழங்கால் வலி. கடலுக்குப் போவதில்லை. கரையில் உட்கார்ந்து வலை பின்னுவதோடு சரி.

கிளம்பும் முன்பு வீட்டில் ஒரு சின்னத் தகராறு. அவர் அப்பா காலத்தில் கட்டிய பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு. அதை இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்று மகன் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். அவருக்கு மனசில்லை. "செவரு இன்னும் இரும்பு மாதிரி நிக்கி. எதுக்குல இடிக்கணும்?" என்பார். பேச்சு முடியாமலே சென்னைக்கு ரயில் ஏறி, அங்கிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து அந்தமான் போய்ச் சேர்ந்தார்.

மார்ச் மாதம். கடல் அடங்கியிருக்கும் காலம். பாரன் தீவைச் சுற்றிக் காட்டும் கப்பல் இரவில் புறப்பட்டது. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகள் தீவில் இறங்க முடியாது. அது வனவிலங்கு சரணாலயம், அதோடு எரிமலை வேறு. அனுமதி வாங்கி, கப்பலில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மற்றவர்கள் எல்லாம் உள்ளே தூங்கினார்கள். பெரியவர் மட்டும் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தான்.

"நீ போய்ப் படுல. கடல்ல ராத்திரி தூங்கிப் பழக்கம் இல்ல எனக்கு."

விடியும் நேரத்தில் கப்பலின் இரு பக்கமும் பறவைக்கோலா மீன்கள் தண்ணீரை விட்டு எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, திரும்ப விழுந்தன. பயணிகள் ஓடி வந்து போட்டோ எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓங்கில் கூட்டம் ஒன்று கப்பலின் முன்னால் துள்ளிக்கொண்டு வந்தது. டால்பினைத்தான் தூத்துக்குடிக் கரையில் ஓங்கில் என்பார்கள். "டால்பின்! டால்பின்!" என்று சின்னப் பிள்ளைகள் கத்த, பெரியவர் சிரித்தார். அவருக்கு அது தெருவில் நாய் ஓடுவது மாதிரி.

அவர் பார்த்தது வேறு. தூரத்தில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். தீவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிட்டே வந்தும் தண்ணீர் கருநீலமாகவே இருந்தது. தரை தட்டும் அறிகுறியே இல்லை. "இங்க எத்தன பாகம்ல ஆழம்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நாம் பார்க்கும் பாரன் தீவு ஒரு மலையின் நுனி மட்டும்தான். கடலுக்கு மேலே சுமார் 350 மீட்டர் உயரம். கடலுக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அதாவது மொத்த மலையில் பெரும்பகுதி தண்ணீருக்குள்ளே இருக்கிறது. நாம் பார்ப்பது அதன் தலை. தீவின் குறுக்களவு வெறும் மூன்று கிலோமீட்டர்தான்.

சூரியன் எழும்பியபோது தீவின் மேற்குப் பக்கம் கப்பல் வந்தது. அங்கேதான் எல்லாமே தெரிகிறது. பழைய காலத்தில் ஏதோ ஒரு பெரிய வெடிப்பில் மலை உள்வாங்கி, சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரிய கிண்ணம் மாதிரி ஆகியிருக்கிறது. கிண்ணத்தின் மேற்குப் பக்கம் உடைந்து வாசல் போலத் திறந்திருக்கிறது. கிண்ணத்துக்கு நடுவில் புதிதாக ஒரு கூம்பு வளர்ந்து நிற்கிறது. அதன் உச்சியிலிருந்துதான் புகை. உடைந்த வாசல் வழியாகக் கருங்குழம்பு ஓடி வந்து கடலைத் தொட்டு அப்படியே உறைந்து கிடக்கிறது. கூம்பில் ஒரு புல் இல்லை. பூண்டு இல்லை. காற்று திரும்பியபோது பட்டாசு வெடித்த தெருவில் அடிக்குமே, அந்த மாதிரி கந்தக வாசனை.

"நம்ம தேரி மாதிரி கெடக்கு. கறுப்புத் தேரி" என்றார் பெரியவர்.

"யப்பா, அது மண்ணு மட்டும் இல்ல. உருகி ஓடுன கல்லு. அதுக்கு மேல சாம்பல்."

இந்த நெருப்பு எங்கிருந்து வருகிறது? நம் இந்தியா உட்கார்ந்திருக்கும் பெரும் பாறைத்தட்டு அந்தமானுக்கு மேற்கே கடலுக்கடியில் அடுத்த தட்டுக்குக் கீழே மெதுவாக நுழைந்துகொண்டிருக்கிறது. உள்ளே போகப் போக அதிலிருக்கும் நீர் வெளியேறி, மேலே இருக்கும் சூடான பாறையை உருகச் செய்கிறது. உருகியது மேலே வர வழி தேடுகிறது. பாரன் தீவு அப்படி ஒரு வழி. அதே தட்டு விளிம்புதான் 2004 டிசம்பர் 26 அன்று அறுந்து குலுங்கியது. அந்த அலை தமிழகக் கரையையும் வந்து அடித்ததை யாரும் மறக்க முடியாது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதத்தில் பாரன் தீவு மறுபடி வெடித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பது விஞ்ஞானிகள் பேச வேண்டிய விஷயம். ஆனால் இரண்டும் ஒரே அடுப்பைச் சேர்ந்தவை.

இதன் பதிவான வரலாறு 1787ல் தொடங்குகிறது. 1789ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி இது நெருப்பு கக்குவதைப் பார்த்து எழுதி வைத்தார். போர்ட் பிளேர் என்ற பெயரே அவரால் வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு எரிமலை அடங்கிவிட்டது. செத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சும்மா இருந்துவிட்டு 1991ல் திடீரென்று எழுந்தது. பல மாதங்கள் எரிந்தது. அதன் பிறகு விட்டு விட்டு வெடித்துக்கொண்டே இருக்கிறது. 2025 செப்டம்பரில்கூட வெடித்தது.

"ஒண்ணுமே இல்லாத பூமி"க்குத்தானே பாரன் என்று பெயர் வைத்தார்கள்? கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் திரும்பியதும் அந்தப் பெயர் பொய்யாகிவிட்டது. கிண்ணத்தின் வெளிச் சரிவு முழுக்கப் பச்சை! செங்குத்தான பாறையில் மரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. வெள்ளை உடம்பும் கறுத்த இறகு நுனியுமாகப் புறாக் கூட்டம் ஒன்று மரத்திலிருந்து கிளம்பி கடலோரமாக வட்டமடித்தது. பழந்தின்னி வௌவால்களும் இங்கே உண்டு. அதைவிட ஆச்சரியம்...

"ஏல, அங்க பாரு. ஆடு மாதிரி தெரியி."

மகன் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பைனாகுலர் வாங்கிப் பார்த்தான். ஆடுதான்! பாறை விளிம்பில் மூன்று புள்ளிகள், மெதுவாக நகர்ந்தன.

1891ல் போர்ட் பிளேரிலிருந்து வந்த நீராவிக் கப்பல் ஒன்று இந்தத் தீவில் சில ஆடுகளை இறக்கிவிட்டுப் போனது. கப்பல் உடைந்து கரை ஒதுங்குபவர்களுக்குச் சாப்பாடு வேண்டும் என்று ஆளில்லாத தீவுகளில் ஆட்டை விட்டு வைப்பது அந்தக் காலத்து மாலுமிகள் வழக்கம். அந்த ஆடுகளின் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. எரிமலை சாம்பலை வாரி இறைத்தும் சாகவில்லை. கடல் தண்ணீரைக் குடித்தே பிழைக்கின்றன என்றுகூட ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. தென்கிழக்குப் பக்கம் நன்னீர் ஊற்று இருப்பது பிறகு தெரியவந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீவுக்கு ஆடு நல்லதா? பாரன் தீவுக்கு வடக்கே நார்கொண்டம் என்று இன்னொரு எரிமலைத் தீவு இருக்கிறது. அது அடங்கிப்போன எரிமலை. மொத்தமே ஏழு சதுர கிலோமீட்டருக்குள். ("நரக குண்டம்" என்பதுதான் நார்கொண்டம் ஆனது, அந்தப் பெயர் முதலில் புகையும் தீவுக்கு வைத்ததாக இருக்கும், பிற்பாடு வரைபடத்தில் இடம் மாறிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள்.) நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவை உலகத்திலேயே அந்த ஒரு தீவில் மட்டும்தான் வாழ்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பறவைகள். அங்கே போலீஸ் காவல் நிலையம் வந்த பிறகு ஆடுகளும் வந்தன. அவை இளஞ்செடிகளைத் தின்று தீர்த்ததால் காடு புதிதாக முளைக்காமல் போனது. பிறகு ஆடுகளை அப்புறப்படுத்தினார்கள். 2012ல் அந்தத் தீவில் கடலோரக் காவல்படையின் ரேடார் அமைக்கும் திட்டம் வந்தபோது, அப்போது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன் இருவாச்சிக்காக அனுமதி மறுத்தார்.

ஆக, எரிமலைத் தீவுக்கு எரிமலை மட்டுமே ஆபத்து இல்லை. நாம் இறக்கிவிட்டுப் போகும் நாலு ஆடுகூட ஆபத்துதான்.

கப்பல் இரண்டாவது சுற்று வந்தபோது, முக்குளித்துப் பழக்கமுள்ள ஒரு பயணி பேச்சுக் கொடுத்தார். இந்தத் தீவின் அழகு மேலே இல்லை, கீழே இருக்கிறது என்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. பெரிய பெரிய திருக்கைகள் வரும். கருங்குழம்பு உறைந்த பாறை மேலேயே பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன என்று சொன்னார்.

"எரிஞ்ச கல்லு மேலயா?" என்று கேட்டார் பெரியவர்.

நம்ப முடியாததுதான். ஆனால் இப்படி நடக்கும் என்பதற்கு நன்றாக ஆராய்ந்த சாட்சி இருக்கிறது. இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் 1988ல் ஒரு எரிமலை வெடித்து, குழம்பு கடலுக்குள் ஓடி, அங்கிருந்த பவளப்பாறைகளை மூடிவிட்டது. ஐந்தே வருஷம் கழித்து ஆய்வாளர்கள் இறங்கிப் பார்த்தபோது அந்தக் குழம்புப் பாறை மேலேயே புதுப் பவளப்பாறைகள் அடர்த்தியாக வளர்ந்திருந்தன. பிடித்துக்கொள்ள உறுதியான தரை, சுத்தமான தண்ணீர், தொந்தரவு செய்ய ஆள் இல்லை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மகன் இதையெல்லாம் செல்போனில் படித்து அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். அவர் பதில் பேசவில்லை. தீவு பின்னால் போய்ச் சின்னதாகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் சொன்னார்.

"நாங்க வெட்டுன கல்லு அதாம்ல."

மகனுக்குப் புரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. அவருக்குப் பதினாறு வயது. வீட்டில் கஷ்டம். தூத்துக்குடியில் இருந்த மாமா ஒருவருடைய வள்ளத்தில் கல்லெடுக்கப் போனார். கடலோரத் தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறையைப் பெயர்த்து எடுத்து வந்து கரையில் கொட்டுவது வேலை.

"வத்தத்துல இறங்கி கடப்பாரையால நெம்புவோம். வெளிய எடுத்தா வழவழன்னு சளி மாதிரி வடியும். கரையில ரெண்டு நாள் வெயில்ல கெடந்தா செத்த மீன் மாதிரி நாறும். அதுக்கப்புறம் வெளுத்துரும். நாறுதேன்னு சொல்லுவோமே தவிர, கல்லு எதுக்கு நாறணும்னு ஒருத்தரும் யோசிக்கல."

ஆமாம், அது உயிர். கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பில் கட்டிய வீடு. தூத்துக்குடிக் கரையில் அதைச் சுண்ணாம்புக் காளவாய்க்கும், தொழிற்சாலைகளுக்கும், வீடு கட்டவும் பல பத்தாண்டுகள் அள்ளினார்கள். அள்ளியவர்கள் கூலிக்கு அள்ளினார்கள். லாபம் பார்த்தவர்கள் வேறு.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவே 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் இரண்டு இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி. தூத்துக்குடி பக்கம் விலங்குசல்லி. பவளப்பாறை என்பது தீவுக்கு முன்னால் நிற்கும் மதில். அலை அதில் மோதி உடைந்து, பலம் குறைந்துதான் தீவுக்கு வரும். மதிலைப் பெயர்த்துவிட்டால் அலை நேராக வந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்த பிறகும் கல்லெடுப்பது நிற்கவில்லை. 2001ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. 2004 சுனாமி வந்து, பாறை இருந்தால் அலை தணியும் என்பதைக் கரைக்காரர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் அது முழுசாக நின்றது.

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியும். ஒரு மெஷினை உபயோகித்தால் வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக் கணக்கில் எழுத வேண்டும். சுண்ணாம்பு விற்ற கணக்கில் கல்லுக்கு விலை இருந்தது, கூலி இருந்தது, வள்ளத்துக்கு வாடகை இருந்தது. தீவுக்குத் தேய்மானம் எழுதியவர் யாரும் இல்லை.

"விலங்குசல்லில இறங்கி நின்னு நான் கஞ்சி குடிச்சிருக்கேன்" என்றார் பெரியவர். "இப்ப அந்த இடத்துல வள்ளம் ஓடுது."

மகன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "நீங்க ஒராளு எடுத்தா போயிடுச்சு? எல்லாரும்தான எடுத்தாங்க" என்று சமாதானம் சொன்னான்.

"எல்லாரும்தாம்ல எடுத்தோம்" என்றார். அந்தச் சமாதானத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அவருக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. நெருப்பைக் கக்கும் மலை பவளத்தை மூடுகிறது, பிறகு அதற்கு இடமும் கொடுக்கிறது. சில வருஷத்தில் உயிர் திரும்பி வந்துவிடுகிறது. கடப்பாரை எடுத்த இடத்தில் அப்படித் திரும்பவில்லை. தரையையே அல்லவா எடுத்தார்கள்? எரிமலை தன் பாறையைப் போட்டுவிட்டுப் போகிறது. மனிதர்கள் இருந்த பாறையையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மகன் திரும்ப செல்போனை எடுத்தான். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வான் தீவைப் பற்றி அதில் இருந்தது. 1986ல் 16 ஹெக்டேராக இருந்த தீவு, 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதுவும் போய்விடும் என்ற நிலையில், தமிழ்நாடு அரசு தீவுக்கு முன்னால் கடலுக்குள் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கியது. ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்தது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் கூட நின்று செய்தது. அலை தணிந்தது. மணல் திரும்பச் சேர ஆரம்பித்தது. அந்தக் கான்கிரீட் மேல் மீன்கள் வந்தன, பவளமும் ஒட்டத் தொடங்கியது.

"கல்ல எடுத்த எடத்துலயே கல்லப் போட்டிருக்கானுவ" என்று சிரித்தார் பெரியவர். அன்றைக்கு முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "போடுறதுக்கு எவ்வளவு செலவாம்?"

"கோடிக்கணக்குல ஆகியிருக்கும்பா."

"எங்களுக்கு அன்னைக்கு ஒரு வள்ளம் கல்லுக்குக் கெடச்சது ரெண்டு நாள் அரிசிக்குக்கூட காணாது."

சாயங்காலம் கப்பல் போர்ட் பிளேர் திரும்பியது. வீட்டில் மருமகள் "மாமா, எரிமலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லாத்தாம்மா இருக்கு. நம்மள விட நல்ல மலை" என்றார். பேரன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார்.

ராத்திரி பெரியதாழைக்குப் போன் போட்டார். மனைவி எடுத்தார். சாப்பாடு, பேரன், மருந்து எல்லாம் பேசி முடித்த பிறகு, அந்தப் பழைய வீட்டை இடிப்பதற்குச் சம்மதம் என்று சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஆச்சரியம். கேட்டுக்கொண்டிருந்த மகனுக்கும் ஆச்சரியம்.

"ஆனா ஒண்ணு. இடிக்கும்போது செவத்துல இருந்து சுண்ணாம்பும் கல்லுமா ஒரு துண்டு எடுத்து வையி. தூரப் போட்ராத."

"அது எதுக்கு இப்ப?"

"பேரன் பெருசானதும் காட்டணும். இது ஒரு தீவுல இருந்து வந்ததுன்னு சொல்லணும்."